வெல்ஷ் கேக்குக்கு ஓவன் எதற்கு? தோசைக்கல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வெல்ஷ் கேக் செய்முறையை மதுரையில் இருக்கும் என் அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு. "ஏண்டி, நீ இருக்கற ஊர்ப் பலகாரமாமே, 180 டிகிரி ஓவன்ல இருபது நிமிஷம் வைக்கணும்னு போட்டிருக்கு, நம்ம வீட்ல ஏதுடி ஓவன்?" அம்மா கேட்டது நியாயம்தான், ஆனால் வெல்ஷ் கேக்குக்கும் ஓவனுக்கும் சம்பந்தமே இல்லை. அது அடுப்பில் இரும்புக் கல்லைப் போட்டு, தட்டிப்போட்டு, திருப்பிவிட்டு எடுப்பது. நீங்கள் கொடுத்த மாவு, வெண்ணெய், சர்க்கரை அளவெல்லாம் ஏறக்குறைய சரி. கடைசி வரியில்தான் காரியம் கெட்டது. அதைப் படித்துவிட்டு, ஓவன் இல்லையே என்று எத்தனை பேர் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்று நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

நான் பிரிட்டனில், இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கும் வேல்ஸில், ஸ்வான்சீ நகரத்தில் இருக்கிறேன். இங்கே மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலே பட்டையும் வெண்ணெயும் சூடாகிற வாசனை வந்துவிடும். கண் முன்னாலேயே பெரிய சூட்டுத் தகட்டில் வட்ட வட்டமாகப் போட்டு, திருப்பி, சர்க்கரையில் புரட்டி, சுடச்சுடக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே என்று நான் இதுவரை வீட்டில் செய்ததே இல்லை. அம்மா கேட்ட கேள்விக்காகத்தான் முதல் தடவையாக மாவு பிசைந்தேன், அதுவும் மதுரையிலிருந்து பெட்டியில் வைத்துத் தூக்கி வந்த தோசைக்கல்லில்.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் அவர் அம்மா காலத்துக் கல் இருக்கிறது. ஒரு விரல் கனத்துக்கு வட்டமான வார்ப்பிரும்பு, மேலே வளைந்த பிடி, உபயோகித்து உபயோகித்து நடுவில் மினுமினுவென்று கறுத்துப் போயிருக்கிறது. தெற்கே இதை மைன் என்பார்கள், மேற்கே போனால் பிளாங்க், வடக்கே கிராடெல். என் தோசைக்கல்லைக் கொண்டுபோய்க் காட்டினேன், தட்டிப் பார்த்துவிட்டு "இது போதும், கொஞ்சம் மெல்லிசு, தீயைக் குறைச்சு வை" என்றார். வேறெதையும் கேட்கவில்லை.

கல்லில் சுடுவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வேல்ஸ் குடிசைகளில் பெரும்பாலும் திறந்த கணப்பு அடுப்புதான், அதன் மேல் கல்லைப் போட்டுத்தான் ரொட்டி, அடை எல்லாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரையும் உலர் திராட்சையும் சாதாரண வீடுகளுக்கும் எட்டின பிறகு, டீக்குத் தொட்டுக்கொள்ள இந்தக் கேக் நிலைத்துவிட்டது. தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர்கள் இதைச் சாப்பாட்டோடு எடுத்துப் போனார்கள். தட்டையாக இருக்கும், பாக்கெட்டில் போட்டாலும் உதிராது. கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மெர்தர் டிட்வில் ஊரிலிருந்து ஆறு தொழிலாளர் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருக்கிறார்கள், 1805-ல் தொடங்கி 1985 வரை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு காலம். ஒவ்வொன்றாக நுழைந்து அடுப்படியைப் பாருங்கள், இந்தப் பலகாரம் எங்கே பிறந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி (இங்கே பவுடர் கலந்த மாவே கடையில் கிடைக்கும், அங்கே நாமே கலக்க வேண்டும்), ஒரு சிட்டிகை உப்பு, பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்த பொடி அரைத் தேக்கரண்டி. ஜாதிபத்திரி இருந்தால் துளி போடுங்கள், வாசனையே வேறு. இதில் 110 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு போட்டு விரல் நுனியால் தேய்க்க வேண்டும், புட்டு மாவுப் பதம் வரும்வரை. அப்புறம் சர்க்கரை 85 கிராம், உலர்ந்த கறுப்புத் திராட்சை 75 கிராம். இங்கே போடுவது மிளகை விடக் கொஞ்சம் பெரிசாக இருக்கிற பொடித் திராட்சை, அங்கே கிடைப்பது பெரிதாக இருந்தால் விதையில்லாததாகப் பார்த்து வாங்கி நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு முட்டையை அடித்து ஊற்றி, தேவைப்பட்டால் ஒரு கரண்டி பால் விட்டுச் சேர்க்க வேண்டும். அடித்துப் பிசையக் கூடாது, பிசைந்தால் கேக் விறைத்துப்போகும், உருண்டையாகச் சேர்ந்து வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். மதுரை வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகும், அதனால் மாவை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சப்பாத்திக்குப் போல் கட்டையால் தேய்க்கச் சொன்னேன் அம்மாவிடம். முக்கால் சென்டிமீட்டர் கனம். வட்டமாக வெட்ட ஒரு டம்ளர் வாய் போதும்.

சுடுவதில்தான் விஷயமே இருக்கிறது. தோசைக்குக் காய்வதைவிடக் குறைந்த சூடு வேண்டும். தண்ணீர் தெளித்துப் பார்க்கிற பழக்கம் இதற்கு ஆகாது, ஒரு சிட்டிகை மைதாவைக் கல்லில் தூவுங்கள், உடனே கருகினால் சூடு அதிகம், மெல்லப் பொன்னிறமாக மாறினால் அதுதான் பதம். கல்லில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், வெண்ணெய் தொட்ட காகிதத்தால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். முக்கியமாக, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்க்கிற நம் வழக்கத்தை அன்றைக்கு ஒதுக்கிவையுங்கள், இனிப்பில் வெங்காய வாடை வந்தால் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்! பக்கத்துக்கு மூன்று நிமிடம். இரண்டு முகமும் செம்பழுப்பாக, சுற்றிலும் ஓரம் மட்டும் வெளிறித் தெரிந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்த சூட்டோடு பொடிச் சர்க்கரையில் புரட்டிவிடுங்கள், ஆறிவிட்டால் ஒட்டாது.

ஓவனில் வைத்தால் என்ன ஆகும் என்று அதே மாவில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், உங்கள் இணைப்புக்கு நியாயம் செய்ய வேண்டுமில்லையா? வெண்ணெய் உருகி ஓடி, எல்லாப் பக்கமும் ஒரே நிறமாகக் காய்ந்து, பிஸ்கட்டாகி வந்தது. மோசமில்லை, டீயில் நனைத்துச் சாப்பிடலாம். ஆனால் வெல்ஷ் கேக்கின் அழகே வெளியே லேசான மொறுமொறுப்பும் உள்ளே ஈரமான மிருதுவும்தானே, அது இதில் இல்லை.

அம்மா வீடியோ காலில் என்னைப் பார்த்துக்கொண்டே செய்தார். முட்டை வேண்டாம் என்று பால் மட்டும் விட்டார், கொஞ்சம் உதிர்ந்தாலும் ருசி குறையவில்லை என்கிறார். ஏலக்காயும் போட்டாராம். அதை நான் எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொல்லவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே வரும்போது ஒன்று கவனிக்க வேண்டும், பல பழைய குடும்பச் செய்முறைகளில் வெண்ணெயோடு பாதிக்குப் பாதி பன்றிக் கொழுப்பு சேரும், சில கடைகளிலும் அப்படித்தான், வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தத் தகவலும் உங்கள் குறிப்பில் இல்லை. ஸ்கோன் வகை என்று ஒரு வார்த்தையில் முடித்திருந்தீர்கள், ஸ்கோன் என்பது டீயோடு சாப்பிடும் சின்ன பன் மாதிரி, உயரமாக எழும்பி ஓவனில் வேகிறது, அந்தக் குழப்பத்தில்தான் ஓவனும் உள்ளே நுழைந்ததோ என்னவோ.

வெளியூர்ப் பலகாரங்களை நீங்கள் போடுவது எனக்குப் பிடிக்கும், நிறுத்திவிடாதீர்கள். அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒருவர் அடுப்பைப் பற்றவைத்துச் செய்து பார்க்கட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். வேல்ஸ் மக்கள் செயின்ட் டேவிட் தினம் கொண்டாடுகிற மார்ச் 1-க்குள் திருத்தம் ஒன்று போட்டால் நல்லது, அன்றைக்கு இது இல்லாத வீடு இங்கே குறைவு. இடம் பற்றாக்குறை என்றால் கதையை எல்லாம் வெட்டிவிட்டு, கல்லின் சூடு பற்றிய பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்வான்சீ, வேல்ஸ்