பருத்த மணியெல்லாம் தரமான மணியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மக்காச்சோளக் கட்டுரையில் 'பருத்த மணியே தரமான மணி' என்று ஒரு வரி. தாங்கள் அறியாததல்ல, கட்டுரையாளரிடம்தான் யாரும் சொல்லவில்லை போலும். ஆயிரம் மணி எடை கூடினால் மணி பெரிது, அவ்வளவுதான். அதே எடையில் கண்ணாடிபோல் கெட்டியான மணியும் உண்டு, உள்ளே வெளுத்து மாவாய் உதிரும் மணியும் உண்டு. 1.25 அடர்த்தியுள்ள சோடியம் நைட்ரேட் கரைசலில் 100 மணிகளைப் போட்டுக் கலக்கி, மிதப்பவற்றை எண்ணினாலே தெரிந்துவிடும்: மிதப்பது கூடினால் மணி மென்மை, ரவை உடைக்க ஆகாது. மாதிரிகள் எல்லாம் ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். அவசரமாய்ச் சூடேற்றி உலர்த்தினால் உள்ளே விரிசல் விட்டுக் கெட்டி ரகமும் நொறுங்கும். பழி மட்டும் ரகத்தின் மேல்.

அட்டவணையோ இன்னும் அழகு. ஒரு ரகத்தில் புரதம் 8.6 சதவீதம், இன்னொன்றில் 10. ஆகவே இரண்டாவது உயர்ந்ததாம்! முதல் எண் 14 சதவீத ஈரத்தோடும், அடுத்தது ஈரம் நீக்கிய கணக்கிலும் எடுத்ததென்றால் இரண்டும் ஒன்றே (10 × 0.86 = 8.6). எந்தக் கணக்கு என்று எங்கும் காணோம். தழைச்சத்தைக் கூட்டிப் போட்டாலும் புரதம் ஏறும். ஆனால் ஏறுவதில் பெரும்பகுதி, உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலமான லைசின் குறைந்த சேமிப்புப் புரதம்.

லைசின் என்றதும் பழைய கட்டுரை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1964இல் வெளியான, மக்காச்சோளத்தின் ஒபேக்-2 மரபணு பற்றிய ஆய்வைப் புகழ்ந்தீர்கள், சரி. அந்த மரபணு லைசினைக் கூட்டினாலும் மணியை மென்மையாக்கிவிட்டது. அந்த மணியைக் கெட்டிப்படுத்தப் பாடுபட்ட விஞ்ஞானிகள் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும் 2000இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். அவர்களுக்கு ஒரு வரிகூட இடமில்லை. ஒபேக்-2 ஒடுங்கு மரபணு, அதாவது தாய், தந்தை இரு வழியிலும் வந்தால்தான் குணம் காட்டும் என்பதும் விட்டுப்போயிற்று. பக்கத்து வயலின் சாதாரண ரக மகரந்தம் விழுந்த மணி சாதாரண மணியாகிவிடும். அதனால்தான் பல இனத்தொகுதிகளை (தனித்தனியாகச் சேகரித்த விதை மாதிரிகளை) ஒப்பிடும்போது பட்டுநூல் வெளிவரும் முன்பே கதிருக்கு உறை போட்டு, அதே தொகுதியின் மகரந்தத்தைக் கையால் தூவி, கதிரின் நடுப்பகுதி மணிகளை மட்டும் எடுக்கிறார்கள். அடிமணி உருண்டு பருத்திருக்கும், நுனிமணி சிறுத்திருக்கும். கலந்தால் எடைக்கணக்கு கெட்டது. இப்படி எதுவும் செய்யாத மாதிரிக்கு இரண்டு தசமத் துல்லியத்தில் எண்ணெய் அளவு அச்சாகிறது!

சென்ற இதழ்க் கட்டுரைக்குப் போட்ட படத்தில் இருப்பது வெண்சோளக் கதிர் என்பதைத் தாங்களும் கவனித்திருப்பீர்கள்.

கேட்பது அதிகமில்லை. இனி அட்டவணை வெளியிட்டால் ஈரப்பதம் எவ்வளவு, மகரந்தச் சேர்க்கை எப்படி நடந்தது என்று கீழே ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
தானியத் தரப் பரிசோதனைத் துறையிலுள்ள ஒரு வாசகர்