புகையிரத நிலையத்துக்கு மேற்கேயுள்ள பள்ளக் காணிகளை நிரப்புவதை நிறுத்தி, காணிப் பயன்பாட்டுத் திட்டம் வகுக்கக் கோரும் மனு

செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை.

மதிப்பிற்குரிய ஐயா,

எமது புகையிரத நிலையத்தின் மேற்குப் பக்க ஒழுங்கைகளில் குடியிருப்போர் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். இதே விடயமாக முன்னர் கொடுத்த முறைப்பாடுகளுக்கு எழுத்தில் ஒரு பதிலும் வரவில்லை. கடவை, அதற்கு அப்பால் வைரவர் கோயில், கோயிலின் பின்புறத்து மதகு எல்லாம் தாங்கள் அறிந்த இடங்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறோம்.

1. 1990இல் நின்றுபோன ரயில், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியபோது மகிழ்ந்தவர்கள் நாங்கள். நிலையத்தைச் சுற்றிக் கடை வேண்டாம், வீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரயிலை நம்பி நாலு பேர் வந்து குடியேறுவது ஊருக்கு நல்லதே. எங்கே எதைக் கட்டலாம் என்பதைச் சபை தீர்மானிக்க வேண்டும். இன்று அதைத் தீர்மானிப்பவர்கள் காணித் தரகர்கள்.

2. நிலையத்தின் பின்னாலுள்ள பள்ளக் காணி, மாரி வெள்ளம் தங்கும் இடம். சுற்றியுள்ள தோட்டங்களின் மழைநீர் வாய்க்கால் வழியே அங்கு வந்து நிலத்துக்குள் இறங்கும். மிஞ்சியது மதகால் தண்டவாளத்துக்கு அப்பால் போகும். அந்தக் காணியின் பெரும்பகுதி இப்போது இரண்டு பரப்பு, ஒரு பரப்பு (ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச்) என்று துண்டாடப்பட்டு, கிரவலும் கட்டட இடிபாடும் கொட்டி, ஒழுங்கையை விட உயர்த்தப்பட்டுவிட்டது. மதகின் வாயிலேயே ஒரு மதில் எழுந்திருக்கிறது.

3. கிணறுகள். எங்களை வதைப்பது இதுதான், ஐயா. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரையே குடிக்கிறோம். அந்த வெடிப்புகள் எதையும் வடிகட்டுவதில்லை. மேலே ஊற்றியது கீழே இறங்கிவிடும். எமது பகுதியில் கழிவுநீர்க் குழாய் கிடையாது, வளவுக்கு வளவு மலசலகூடக் குழிதான். எட்டுப் பரப்புக்கு ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி என்றிருந்த இடத்தில் இப்போது பரப்புக்கு ஒரு குழி. வாடகை அறைகள் கொண்ட மாடிக் கட்டடங்களில் ஒரே குழியை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று கேட்பார் இல்லை. 2024 நவம்பர் மழையில், பள்ளத்தில் தங்க இடமில்லாத வெள்ளம் எங்கள் வளவுகளுக்குள் வந்தது. குழிகள் நிரம்பி வழிந்தன. அந்த நீர் கிணற்றுக் கட்டுக்கு மேலால் உள்ளே விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வடிந்த பின் இறைத்தோம், குளோரின் போட்டோம், மறுபடியும் இறைத்தோம். வாடை போகவில்லை. வசதியுள்ளவர்கள் போத்தல் தண்ணீர் வாங்கினார்கள். மற்றவர்கள் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குழிக் கழிவிலிருந்து நீரில் கரைந்து, கைக்குழந்தைக்குக் கேடாகும் நைத்திரேற்று போகுமா? கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்க்கு யார் பதில் சொல்வது? தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதன் குழாய் எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேரவில்லை. வந்தாலும் தோட்டத்துக்குக் கிணறுதான். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனங்கள் தண்ணீருக்குப் பட்ட பாட்டை இந்த மாவட்டமே அறியும். ஒரு தடவை கெட்ட நிலத்தடி நீரை எந்தச் சபைத் தீர்மானத்தாலும் மீட்க முடியாது. தயவுசெய்து நிரப்புவதை நிறுத்துங்கள்.

4. மழை நாட்களில் காலை ரயிலுக்குப் போவோர் அந்த அழுக்கு நீரில் இறங்கியே நடக்கிறார்கள்.

5. சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது; 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இருக்கிறது. ஒருவர் தன் குசினியை ஆறடி நீட்டினால் அனுமதிப்பத்திரம் கேட்டு உத்தியோகத்தர் படலையடிக்கு வந்துவிடுகிறார். லொறி லொறியாகக் கிரவல் இறங்கும்போது மட்டும் ஏன் ஒருவரும் வருவதில்லை? நாங்கள் கொடுத்த கடிதங்கள் எந்தக் கோவையில் கிடக்கின்றன? வரி கட்டப் பிந்தினால் எங்களுக்கு அறிவித்தல் வருகிறது. எங்கள் முறைப்பாட்டுக்கு ஒரு வரி எழுத உங்களுக்கு நேரமில்லையா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். தண்ணீர் கெட்ட வீட்டில் இருந்துகொண்டு இதைவிட மென்மையாக எழுத வரவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இந்த மாரிக்கு முன் மண் கொட்டுவதை நிறுத்துங்கள். மதகை மறித்த மதிலை அகற்றுங்கள். பள்ளத்தில் மிஞ்சியிருப்பதை வெள்ளம் தங்கும் நிலமாக வரைபடத்தில் குறித்து, அங்கு கட்டட அனுமதி வழங்காதீர்கள். கடைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் நிலையத்தின் கிழக்கே, பிரதான வீதியோரத்து மேட்டுக் காணிகளை ஒதுக்குங்கள். காணி துண்டாட அனுமதி கேட்டு வருபவரிடம், குழி எங்கே, அயலவரின் கிணறு எங்கே, மழைநீர் எந்த வழியால் போகும் என்று முதலில் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் எங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவை எங்கள் கையில் தாருங்கள்.

மீண்டும் கேட்கிறோம், ஐயா: மண் கொட்டுவதை நிறுத்துங்கள். அதற்கு முன் ஒரு நாள் நேரில் வந்து பாருங்கள். வரும் திகதியை எழுத்தில் அறியத் தந்தால், எல்லோரும் கடவையடியில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
நிலைய மேற்கு ஒழுங்கைகளில் வசிப்போர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்: மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், கிராம அலுவலர்