தலைகீழான ஆலோசனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தினமும் 5 நிமிடம் சிரசாசனம் செய்தால் கண் பார்வை கூர்மையாகும். யாரும் செய்யலாம்' என்று சென்ற இதழின் யோகா பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். தலைகீழாக நிற்கையில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தாங்கள் அறியாததல்ல. கிளாகோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர் இதை நம்பி நின்றால் இருக்கிற பார்வைக்கே ஆபத்து. உயர் ரத்த அழுத்தக்காரர்களும் கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களும் அந்த 'யாரும்' என்பதில் சேர்த்திதானா?

படமாவது சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. முழங்கைகள் தோள் அகலத்தைத் தாண்டி விரிந்து கிடக்கின்றன. முன்கைகள் தாங்க வேண்டிய பாரமெல்லாம் கழுத்தில் இறங்கும். மண்டியிட்டு, ஒவ்வொரு கையாலும் எதிர் முழங்கையைப் பிடித்துத் தரையில் ஊன்றினால் அளவு கிடைத்துவிடும். முழங்கைகளை நகர்த்தாமல் விரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்து இடுப்பை உயர்த்தி, பாதங்களை முகத்தை நோக்கி நடத்திக் கொண்டுவந்தால் கால்கள் தாமே லேசாகும். அதற்குள் உதைத்து ஏற்றப் பார்ப்பவருக்குத்தான் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

கபாலபாதி மூச்சுப் பயிற்சிக்கும் இதே கதிதான். 'வேகமாக இழுத்து வேகமாக விடவும்' என்றீர்கள். ஐயா, அது பஸ்திரிகா என்ற வேறு பயிற்சி. கபாலபாதியில் அடிவயிற்றை வெடுக்கென்று உள்ளிழுத்து மூச்சைத் தள்ளுவது மட்டுமே நம் வேலை. உள்மூச்சு தானாக வரும். அளவு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், தலை சுற்றும். அதற்கு 'சக்தி ஏறுகிறது' என்று விளக்கம் வேறு! மூச்சை இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை நேரம் என்று திருமூலர் சொன்ன கணக்கைப் புதிதாகப் பழகுபவர்களுக்கென்று கட்டம் கட்டிப் போட்டபோதும் பொறுத்துக்கொண்டோம். 64 மாத்திரை மூச்சை நிறுத்துவது முதல் நாள் வேலையா?

சூரிய நமஸ்காரத்தைப் பதஞ்சலி வகுத்தாராம். அவருடைய யோக சூத்திரங்களில் ஆசனத்தை விளக்குபவை மூன்றே மூன்று. ஓர் ஆசனத்தின் பெயர்கூட அவற்றில் கிடையாது. நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் இலக்கணம். சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக எங்கும் பரப்பியவர் 1920-களில், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்து சமஸ்தானத்து அரசர்.

இத்தனைக்கும் மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த 'யாரும்' என்ற ஒரு சொல்லை மட்டும் திருத்துங்கள். இடம் போதாவிட்டால் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்