சுடுவது யாரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பொது இடங்களில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகள் பற்றிய தங்கள் தலையங்கம், ‘அங்கிருந்தவர்களில் ஒருவரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால்?’ என்று கேட்டுவிட்டு அதோடு நின்றுவிட்டது. கெட்டவன் கையிலுள்ள துப்பாக்கியை நல்லவன் கையிலுள்ள துப்பாக்கிதான் நிறுத்தும் என்று துப்பாக்கி உரிமைக்காக வாதிடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் வேய்ன் லாபியர் 2012 டிசம்பரில் சொன்ன நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. 2024 கணக்குப்படி 29 மாநிலங்களில் உரிமம் இல்லாமலே சட்டைக்குள் பிஸ்டல் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். ஆகவே ‘இருந்திருந்தால்’ என்று யோசிக்க வேண்டியதில்லை. பல இடங்களில் இருந்தது.

2022 ஜூலை 17, இண்டியானாவின் கிரீன்வுட் பார்க் மால். கழிப்பறையிலிருந்து ரைஃபிளோடு வெளியே வந்தவன் சுடத் தொடங்கி 15 விநாடிக்குள், 22 வயது இளைஞர் ஒருவர் தூணில் கையை ஊன்றிக்கொண்டு, சுமார் 40 கஜ தூரத்திலிருந்து பத்து முறை சுட்டார், எட்டு பட்டன. அதற்குள் மூன்று பேர் பலியாகியிருந்தார்கள். வந்தவனிடம் நூறு தோட்டாவுக்கு மேல் இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த இளைஞர் எத்தனை உயிரைக் காத்தார் என்று ஊகிக்கலாம். இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. (அந்த மாலுக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று விதி இருந்தது. அதை இருவருமே மீறியிருந்தார்கள்.)

ஆனால் பிஸ்டலுக்கு 40 கஜம் சாதாரண தூரமல்ல. டெக்சஸில் உரிமத்துக்கான சுடும் தேர்வில் மொத்தம் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. காகித இலக்கு ஓடாது, திருப்பிச் சுடாது, அதன் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் பிஸ்டல் எடுத்துச் செல்ல அந்தத் தேர்வும் அங்கே தேவையில்லை. பயிற்சி மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. 2012 ஆகஸ்டில் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் இரண்டு போலீசார் ஒரு கொலைகாரனை நோக்கி 16 முறை சுட்டபோது வழியில் போனவர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அத்தனையும் போலீஸ் தோட்டாவாலும் அதன் சிதறலாலும்.

குறி தவறுவதுகூடப் பரவாயில்லை. குறி யார் என்று தெரிவதுதான் பெரும்பாடு. 2011 ஜனவரியில் டூசன் நகரில் காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டபோது, பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் கோட்டுப் பையில் பிஸ்டலோடு ஓடிவந்தார். மூலை திரும்பியதும் அவர் கண்டது, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் ஆளை. அந்த ஆள் கொலைகாரன் அல்ல. அவனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தவர். சுற்றியிருந்தவர்கள் கத்திச் சொன்னதால் தப்பித்தார். வந்தவர் பிஸ்டலை வெளியே எடுக்காமல் மணிக்கட்டைப் பிடித்தது நல்லதாயிற்று. 2014 ஜூனில் லாஸ் வேகஸ் வால்மார்ட்டில் இது தலைகீழாக நடந்தது. துப்பாக்கியோடு நின்றவனை நோக்கி உரிமதாரர் ஒருவர் பிஸ்டலை உருவிக்கொண்டு போனார். பின்னால் இருந்த பெண் அவன் மனைவி, கூட்டாளி என்பது அவருக்குத் தெரியாது. அவள் அவரைச் சுட்டுக் கொன்றாள்.

சரியாக நடந்த இடத்தில் என்ன வித்தியாசம்? 2019 டிசம்பர் 29 அன்று டெக்சஸின் வொயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் 71 வயதுத் தன்னார்வப் பாதுகாவலர் ஒரே தோட்டாவில் கொலைகாரனை வீழ்த்தினார். முழுச் சம்பவமும் ஆறு விநாடி. அவர் துப்பாக்கிப் பயிற்சியாளர். அதைவிட முக்கியம், அந்த ஆள் உள்ளே நுழைந்ததிலிருந்தே பாதுகாவல் குழு அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தது. யார் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இருந்தது. அப்படியும் அவருடைய சக பாதுகாவலர் துப்பாக்கியை உருவ முயன்றபோதே சுடப்பட்டு இறந்தார். நன்கு பழகியவருக்குக்கூட, சட்டையைத் தூக்கி, பிடியைப் பற்றி, உறையிலிருந்து இழுத்துக் குறிவைக்க ஒன்றரை, இரண்டு விநாடி ஆகும். ஏற்கெனவே குறிவைத்து நிற்பவனுக்கு அது தாராளம்.

சுட்டு முடித்த பிறகு வருவது இன்னொரு ஆபத்து. 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில், ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனை, பிஸ்டல் வைத்திருந்த ஒருவர் சுட்டு வீழ்த்தினார். பிறகு, அவன் ரைஃபிளைத் தன் கையில் எடுத்தார். அங்கே வந்த போலீஸ்காரர் கண்ணில் பட்டது, ரைஃபிளோடு நிற்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். சுட்டுக் கொன்றுவிட்டார். வழக்குப் பதியவில்லை, 2023இல் நகராட்சி குடும்பத்துக்கு 28 லட்சம் டாலர் கொடுத்தது. 2018இல் அலபாமாவின் ஹூவர் நகர மாலில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, பிஸ்டல் வைத்திருந்த 21 வயதுக் கறுப்பின இளைஞரைக் கொன்ற போலீஸ், சுட்டது அவர்தான் என்று முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டது.

எண்ணிக்கைக்கு வருவோம். 2000 முதல் 2013 வரையிலான 160 துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்களை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. ஆயுதம் இல்லாதவர்கள் மடக்கிப் பிடித்து முடிவுக்கு வந்தவை 21. போலீஸ் அல்லாதவர்கள் திருப்பிச் சுட்டு முடிவுக்கு வந்தவை 5. அந்த ஐந்திலும் நான்கில் சுட்டவர்கள் பாதுகாவலர்கள், ஒருவர்தான் சாதாரண உரிமதாரர். இந்தக் கணக்கில் விடுபட்டவை உண்டு என்று துப்பாக்கி உரிமைத் தரப்பு வாதிடுகிறது. இருக்கலாம். ஆனாலும் அந்த 21ஐ யாரும் பேசுவதில்லை. டூசனில் கொலைகாரனின் 33 தோட்டா மேகசின் (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) தீர்ந்து அடுத்ததை மாற்றும் இடைவெளியில்தான் அவன்மேல் பாய்ந்தார்கள். ஒரு பெண் அந்த மேகசினைப் பறித்தார்.

வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சத்தம் கேட்ட பக்கம் தேடிக்கொண்டு போகக் கூடாது. குடும்பத்தை வெளியேற்றுவது முதல் வேலை. வழி மறிக்கப்பட்டு, ஆள் யாரென்று கண்ணால் கண்டு, அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை என்றால் மட்டுமே சுடுவது. சுட்டதும் மறைவுக்குப் போய், 911 அவசர எண்ணுக்கு அழைத்துத் தன் சட்டை நிறத்தையும் ஆயுதம் வைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். விழுந்தவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. போலீஸ் நுழையும்போது பிஸ்டல் உறைக்குள்ளோ தரையிலோ இருக்க வேண்டும், இரு கையும் விரித்தபடி தெரிய வேண்டும்.

இடுப்பில் பிஸ்டல் வைப்பவர்கள் பையில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஒரு டூர்னிக்கே இறுக்குப்பட்டையும் வைத்துக்கொள்ளலாம். கை கால் காயத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் மேலே, உடம்பை நோக்கிய பக்கம், மூட்டின் மீது படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை அதன் குச்சியைத் திருகி, கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதிவிட வேண்டும். வலியில் கத்துவார்கள், தளர்த்தக் கூடாது. அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டாலஸ்