சம்பளக்காரரை வாசலில் நிறுத்தலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு நிரல் எழுதுபவர்களுக்கு யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய நம் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையைத் தரக்கூடாது என்று சென்ற ஞாயிறு பெங்களூரு அல்சூரில் கூடியபோது சொன்னீர்கள். மாரத்தஹள்ளியில் அப்படிச் சம்பளம் வாங்கும் நான் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் உங்கள் குரல் தணிந்தது, தணிந்திருக்க வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருளுக்குக் காசு ஆகாது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமாக்ஸ் என்ற தன் உரைதிருத்தி நிரலைப் பதிந்த நாடாவை 150 டாலருக்கு விற்றவர்தான். ஆங்கிலத்தில் விடுதலைக்கும் இலவசத்துக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் என்பதால் அவர்கள் குழம்பலாம். தமிழில் நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் நிரலில் திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்தவர், எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லாமல், இரண்டாண்டுக்கு மேலாகப் பொறுமையாக உதவி செய்து, தனியாளாகத் திணறிக்கொண்டிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழி நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று குடைந்து அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட், மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற தரவுத்தள நிரலை எழுதிவந்தவர். சம்பளச் சீட்டைப் பார்த்து யாரை உள்ளே விட்டிருப்பீர்கள்?

ஆனாலும் உங்கள் அச்சம் வீணானதல்ல. அதே மாதம் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு நிரலை நடத்திய நிறுவனம், அதற்கிருந்த தளர்வான பிஎஸ்டி உரிமம் இடம் கொடுத்ததால், அடுத்த பதிப்புகளைக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியது. சில நாளிலேயே பழைய நிரலை எடுத்து வால்கீ என்று தனிக் கிளை கண்டவர்களில் அமேசான், கூகுள் ஊழியர்களும் உண்டு என்பது வேறு கதை. மாறாக, 2019இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டை வாங்கியபோது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவின் உரிமம் அசையவில்லை. கருவில் பெரும்பகுதியை இன்று எழுதுபவர்கள் சம்பளக்காரர்களே; ஆனால் அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் பரந்து கிடப்பதால், அவர்களைக் கேட்காமல் எந்த முதலாளியும் அதைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியாது.

எனக்கும் ஒரு காயம் உண்டு. முன்பு நான் வேலை செய்த நிறுவனம், மூன்றாண்டு நான் பார்த்துவந்த ஒரு பகுதியை ஒரே மின்னஞ்சலில் கைவிடச் சொன்னது; இரவுகளில் தொடர்ந்தேன், முடியவில்லை, அதை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். ஆகவே சம்பளக்காரரிடம் கேட்க வேண்டியது, சம்பளம் நின்ற மறுநாள் அந்த நிரலை யார் பார்ப்பார்கள் என்பதே.

நம் திட்டம், மாற்றி வெளியிடுவோரும் அதே விடுதலையைத் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. பதிப்புரிமையை ஒரே கைக்கு எழுதிக்கொடுக்கும் தாள் எதிலும் கையெழுத்திடாமல் இருப்போம். சேர்க்கும் உரிமை ஆளுக்கே சொந்தம், அவர் வேலை மாறினாலும் அவருடனே போகட்டும். ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். என் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே இருவர் இருக்கிறோம். மூன்றாவதாக விண்ணப்பித்திருப்பவர் என் பக்கத்து இருக்கைக்காரர், நல்ல நிரலாளர். வரும் ஞாயிறு அவருக்கு எதிராக வாக்களிக்கப்போவதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்