சேது, நீ அழித்ததை நான் பார்த்துவிட்டேன்

ஐயம்பேட்டை,
ஜூன் 3.

அன்புள்ள சேது,

நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. குடமுருட்டியில் மணல்தான் ஓடுகிறது. மேட்டூரை 12-ஆம் தேதி திறப்பார்கள் என்ற பேச்சை நம்பி உழவு போட்டவர்கள் வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாலி உன் ஐந்நூறு ரூபாயை இன்னும் தரவில்லை, தரவும் மாட்டான். ஊர் விசேஷம் அவ்வளவுதான்.

நாலு மாசமாக நான் ஏன் எழுதவில்லை, போனையும் ஏன் எடுக்கவில்லை என்று கணக்குப்புலியிடம் விசாரித்தாயாமே. முழங்காலைக் காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன். காலால் நான் போன் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் போட்டாய். ஆளுக்கு நாலு கல்யாணம், வீட்டுக்குப் பத்துப் பிள்ளை, இன்னும் இருபது வருஷத்தில் நாடே அவர்கள் கையில், விழித்துக்கொள், உடனே பத்துப் பேருக்கு அனுப்பு. மூன்று பேர் அதற்குக் கும்பிடு போட்டார்கள். யார் யார் என்று சொல்ல மாட்டேன், மாலி அதில் உண்டு. அரைமணி கழித்து நீ அதை அழித்துவிட்டாய். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் அங்கே நின்றது. காதர் தூங்கியிருப்பான் என்று நினைத்திருப்பாய். முழங்கால் வலிக்காரன் எங்கேடா தூங்குகிறான்?

முதலில் வந்தது கோபம்கூட இல்லை. ஒற்றுப்பிழை எண்ணினேன். ஒன்பது. வாத்தியார் புத்தி.

அப்புறம்தான் கோபம். மறுநாள் மகனை உட்காரவைத்துக் கணக்கெல்லாம் தேடி எடுத்தேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாங்கள் 5.86 சதவீதம், நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வில் 1992-93-இல் முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 பிள்ளை, 2019-21-இல் 2.36. இந்துப் பெண்ணுக்கு அதே 2019-21-இல் 1.94. வித்தியாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அது எப்படிச் சரிந்திருக்கிறது பார். கணவருக்கு வேறு மனைவி உண்டா என்று அதே ஆய்வில் பெண்களைக் கேட்டிருக்கிறார்கள். ஆமென்றவர்கள் முஸ்லிம் பெண்களில் நூற்றுக்கு 1.9, இந்துப் பெண்களில் 1.3. இரண்டு பக்கத்து ஆம்பளைகளும் தலைகுனிய வேண்டிய கணக்குதான். ஆய்வெல்லாம் எதற்கு, நம் இரண்டு வீட்டையே எடுத்துக்கொள். என் அத்தாவுக்கு நாங்கள் ஏழு பேர். எனக்கு இரண்டு. மகளுக்கு ஒன்று. உன் அம்மாவுக்கு நீ எட்டாவது.

இதையெல்லாம் நீளமாகத் தட்டி, அனுப்பாமல் வைத்துவிட்டேன். ஐம்பது வருஷச் சிநேகிதனுக்குச் சதவீதம் போட்டு அனுப்புவதா என்று கை கூசியது.

இப்போது எழுதவைத்தது வேறு சமாசாரம். மகளுக்கு வங்கியில் மாயவரத்துக்கு மாற்றல். மூன்று வயதுப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு விடியற்காலை ரயிலேறி, ராத்திரி அது தூங்கின பிறகு வந்து சேர்கிறாள். அங்கேயே ஒரு வீடு பார்க்கலாம் என்று புரோக்கர் கொடுத்த நம்பருக்கு நான்தான் பேசினேன். ரிடையர்ட் தமிழாசிரியர் என்று சொன்னதும் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் வெண்பா எழுதுகிறவராம். போனிலேயே ஒன்று சொன்னார். இரண்டாம் அடியில் காய்க்குப் பின்னால் நிரை வந்து பளிச்சென்று தளை தட்டியது. முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவனையும் நான் அப்படி விட்டதில்லை. வீடு வேண்டுமே, “அருமை”ன்னு சொல்லிவைத்தேன். இருபது நிமிஷம் பேசினோம். “உங்களை மாதிரி ஆளுங்க குடிவரணும் சார்” என்றார். சாவியை எங்கே வந்து வாங்கிக்கொள்வது என்றுவரை வந்துவிட்டது. கடைசியில், “பேரு கேக்க மறந்துட்டேனே சார்?”

சொன்னேன்.

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, இருக்கிறார். “நீங்க தமிழ் நல்லா பேசுறீங்களே” என்றார். அப்புறம், “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன், நாங்க சுத்த சைவம் பாருங்க.” அதுவரை சாராக இருந்தவன் போனை வைக்கும்போது பாயாகிவிட்டேன். “சரி பாய், வச்சுர்றேன்.”

புரோக்கரைக் கேட்டால், “பேரை முதல்லயே சொல்லியிருக்கலாமே, நம்ம ஆளுங்க ஏரியாவுலயே முடிச்சிருப்பேன்” என்கிறார். முடித்துக்கொடுப்பார், எனக்கும் தெரியும். அங்கே போய்க் குடியிருந்தால், பாரு, இவங்க தனியாத்தான் ஒதுங்கி இருப்பாங்க, யாரோடயும் சேர மாட்டாங்க என்றும் நாலு பேர் சொல்வார்கள்.

‘தமிழ் நல்லா பேசுறீங்க’ எனக்குப் புதிதா சேது? வேலையில் சேர்ந்த முதல் வாரமே, வீட்டில் உருதுதானே பேசுவீங்க என்று கேட்டார்கள். எங்கள் அத்தாவுக்கு உருதுவில் திட்டக்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் குழம்பை ஆணம் என்கிறோம் என்று நீதானே வகுப்பில் எழுந்து சொல்லிச் சிரித்தாய். அது பழந்தமிழ்ச் சொல்லுடா என்று தமிழய்யா உன் தலையில் குட்டினார். அந்தக் குட்டு போதவில்லை போலிருக்கிறது.

நாலு பெண்டாட்டி ஜோக்கை ஸ்டாஃப் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். நோன்பு வைத்துக்கொண்டு தொண்டை காய உட்கார்ந்திருப்பவனிடம் “பாய், பிரியாணி எப்போ?” என்பார்கள். அதற்கும் சிரிப்புதான். பாகிஸ்தானோடு மேட்ச் என்றால் யாராவது ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நம்மவர்கள் சிக்ஸர் அடித்தால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கைதட்டுவேன். யாரும் தட்டச் சொல்லவில்லை, நானாகவே பழகிக்கொண்டேன்.

இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1998 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டு வெடித்து 58 பேர் செத்தார்களே, அதற்கு அடுத்த திங்கள் நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. நானாகப் போய், பாவிகள், இவனுகளை நடுத்தெருவில் நிறுத்திச் சுட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் யாரோ டீ சொன்னார்கள். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் சொல்லித் தீர வேண்டியிருந்தது பார். அன்றிலிருந்து எங்கே குண்டு வெடித்தாலும், யா அல்லா, எங்கள் பேராக இருக்கக் கூடாது என்றுதான் நெஞ்சு முதலில் அடித்துக்கொள்கிறது. செத்தவர்களுக்கான துக்கம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. இது எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது. மாற்ற முடியவில்லை.

கொரோனா முதல் அலையில் டெல்லி தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போனவர்கள் விவகாரத்தில், அங்கே போகாத எங்கள் தெருவுக்கும் பால்காரர் வரவில்லை. கேனை முக்கில் வைத்துவிட்டுத் தூர நின்று கூப்பிடுவார். அந்த ஆகஸ்டிலேயே பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களைப் பலிகடா ஆக்கியதாகச் சொல்லி அவர்கள் மேலிருந்த வழக்குகளை ரத்து செய்தது. அந்தச் செய்தியை நம் குழுவில் யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

வீட்டுக்காரர் திரும்பக் கூப்பிடாத மூன்றாம் நாள், மகளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து என் பழைய மேடைப் பேச்சை எடுத்துவிட்டேன். நீ கேட்டதுதான். நாகூர் தர்காவின் 131 அடி மினாரா தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிம்மன் கட்டிக்கொடுத்தது, நேர்ந்துகொண்டு அங்கே மொட்டை போடுகிறவர்களில் பாதிப்பேர் இந்துக்கள், ஹனிபா பாட்டு ஓடாத டீக்கடை உண்டா, கஜா புயலில் பள்ளிவாசல் அண்டாவில் ஊருக்கே சோறு வெந்ததே. எந்த மேடையிலும் கைதட்டு வாங்கித் தருகிற சரக்கு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “அத்தா, வாடகைக்கு வீடு கேக்கப் போகும்போது நாகூர் மினாராவையும் தூக்கிட்டுப் போகணுமா?” என்றாள்.

எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. மாசம் ஒண்ணாம் தேதி வாடகை கொடுப்பாள், தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறப்பாள், மாடியில் வற்றல் காயப்போடுவாள். குடித்தனக்காரி அவ்வளவுதானே. அவளுக்கு ஜாமீனாக நானூறு வருஷச் சரித்திரத்தை நான் எதற்குக் கொண்டுபோய் நிறுத்துகிறேன்? ‘பாய்ங்கன்னா தங்கமானவங்க, கொடுக்கிற கை’ என்று பாராட்டுகிறவர்களிடம் இத்தனை வருஷம் நெகிழ்ந்து நின்றிருக்கிறேன். தங்கமாக இல்லாத ஒரு பாய்க்கு, என் தம்பி மாதிரி சிடுமூஞ்சிக்கு, வீடு கிடைக்க வேண்டாமா?

நீ உடனே, ‘உங்க ஜமாத்து மட்டும் யோக்கியமா’ என்பாய். அதையும் நானே எழுதிவிடுகிறேன். எங்களில் முடிதிருத்துகிற வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க இந்தத் தெருவில் எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஏழெட்டு வருஷம் முன்னால் எங்கள் பின்கட்டைக் கேட்டு, காலனியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் பையன் வந்தான். நல்ல பையன். “சொந்தக்காரங்க வர்றதா இருக்கு தம்பி” என்று என் தம்பி சொன்னான். யாரும் வருவதாக இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை இறக்கவே இல்லை. அதனால்தான் மாயவரத்துக்காரர் ‘வீட்ல கேட்டுட்டு’ என்று இழுத்தபோது அந்தக் குரல் எனக்கு உடனே பிடிபட்டது.

உன் மச்சினருக்கு மாயவரத்தில் மாடிப்போர்ஷன் ஒன்று காலியாகக் கிடக்கிறது, கணக்குப்புலி சொன்னான். நீ ஒரு வார்த்தை சொன்னால் கொடுப்பார் என்பதும் தெரியும். சொல்லாதே. மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அவளே நேரில் போய்ப் பேரைச் சொல்லிக் கேட்பாளாம். அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். நீ முன்கூட்டியே போன் போட்டுக் காரியத்தைக் கெடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும், உன் மச்சினருக்கு ரகசியம் தங்காது.

மாலி மகள் கல்யாணத்துக்கு வருவாய்தானே? ஐந்நூறை மொய்யில் கழித்துக்கொள். என் வீட்டில்தான் தங்க வேண்டும், ஆணம் உண்டு. வருவதற்கு முன் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. போனில் வேண்டாம், நீ மழுப்புவாய். அந்த ராத்திரி அரைமணி கழித்து அழித்தாயே, அது பொய் என்று தெரிந்து அழித்தாயா, குழுவில் நான் இருப்பது ஞாபகம் வந்து அழித்தாயா?

உன்,
காதர்