கம்பிப் பஞ்சு வாங்கும்போது நம்பரையும் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முன் இருபது வருடம் தச்சு வேலை. தேய்த்து மினுக்கும் கம்பிப் பஞ்சு கையில் படாத நாள் குறைவு. அதைப் பற்றியே பேப்பருக்கு முறைப்பாடு எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

வாடைக்குக் கரையேற்றிய படகைச் சித்திரையில் இறக்க முன், கழுவிப் பொலிஷ் போட ஓரிடத்தில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. கடலில் விட்டுப் பத்து நாள் ஆகவில்லை, படகின் முன்பக்கம், அந்த வெள்ளை அணியமெங்கும் மண்ணிறப் புள்ளிகள், அம்மாள் போட்ட பிள்ளையின் முகம் போல. எவர்சில்வர் கைபிடிக் கம்பியிலும் அதே கதை. ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினேன். மயிரிலும் மெல்லிய இரும்புத் துணுக்கு ஒன்று உள்ளே குத்திக்கொண்டு நின்றது. விசாரித்தால், பொடியன் சாதாரண இரும்புப் பஞ்சால் தேய்த்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன? கடையில் கொடுத்ததை வாங்கி வந்தான்.

இரும்புப் பஞ்சு தேய்க்கத் தேய்க்க உடைந்து உதிரும். உதிர்ந்தது உப்புக்காற்றில் துருவாகும். எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத படலம். ஒட்டிய இரும்புத்தூள் அதையும் கெடுத்துவிடும். படகுக்கு வெண்கலப் பஞ்சுதான் சரி. மெதுவானது, உதிர்ந்தாலும் துரு வராது. விலை கூட. கிடைக்காவிட்டால் நைலோன் தேய்ப்பான் போதும். படகுக் கொட்டிலில் எலிப் பொந்து அடைக்க நான் வைப்பது செப்புப் பஞ்சு, அதுவும் துருப்பிடிக்காது.

நம்பரிலும் இதே குழப்பம். இரும்புப் பஞ்சில் 0000 என்பது மிக மெல்லியது, 4 என்பது ஆகக் கரடு. சைபர் கூடக்கூட மென்மை. என் அயலவர் ஒருவர் வார்னிஷ் அடித்த கதவை மினுக்க 'நாலு' என்று கேட்டிருக்கிறார், நாலு சைபரை நினைத்து. கடைக்காரர் 4ஐக் கொடுத்துவிட்டார். கதவைப் பார்த்தால் பூனை நகம் தீட்டியது போல இருக்கிறது! புதுப் பஞ்சில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பதும் உண்டு. தேய்த்த பிறகு தின்னரால் துடைக்காமல் வார்னிஷ் அடித்தால் பிடிக்காது. தண்ணீர்ப் பெயின்ட் அடிக்கும் இடத்தில் இரும்புப் பஞ்சே வேண்டாம், பிறகு துருப்புள்ளி மேலே வரும்.

இன்னொன்று, இரும்புப் பஞ்சைப் படகுப் பற்றரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சின்ன 9 வோல்ட் பற்றரியின் இரண்டு முனையிலும் மெல்லிய பஞ்சு பட்டாலே நெருப்புப் பிடிக்கும். கிரைண்டர் பொறியும் போதும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரோலில் பிய்த்துப் பழைய பேப்பரில் சுற்றித் தருகிறீர்களே, அதன் ஓரத்தில் என்ன உலோகம், எத்தனையாம் நம்பர் என்று பேனையால் எழுதித் தாருங்கள். சைபரை எண்ணி எழுதுங்கள்.

தேசிக்காய்ப் புளியும் நைலோன் தேய்ப்பானுமாக இரண்டு நாள் மினக்கெட்டேன். அணியம் வெளுத்துவிட்டது. கைபிடிக் கம்பியில் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

இப்படிக்கு,
நிலாவெளிப் படகுக்காரன்,
திருகோணமலை.